ஓர் ஆண்டு கற்பிக்கும் பாடம்: 1901இல் டென்மார்க்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கல்வியும் சமுதாய முன்னேற்றமும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். இத்தலைப்பில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். பிறர் பேசக் கேட்டும் இருக்கிறேன். கல்வியே கண் என்போம், கைதட்டுவோம், கலைந்து செல்வோம். ஆனால் சென்ற மாதம் நம் இரவுப் பாடசாலையில் பயின்று பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி, வழக்கமான பேச்சைப் பேச விடாமல் என்னைத் தடுக்கின்றது. "சார், படித்துப் படித்து நாம் என்ன கண்டோம்? அதிகாரம் கையில் இருப்பவனுக்கு அல்லவா எல்லாம் நடக்கிறது? இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்தியதற்குப் பதில், அத்தனை பேரும் அரசியலில் இறங்கியிருந்தால் என்ன?" என்று அவர் கேட்டார்.

கேள்வியில் கோபம் இருந்தது. அக்கோபத்தில் நியாயமும் இருந்தது. உடனே விடை கூற என்னால் இயலவில்லை. இன்று அதற்கு விடையாக ஒரு சிறிய நாட்டின் ஓர் ஆண்டு வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நாடு டென்மார்க், ஆண்டு 1901. இருபதாம் நூற்றாண்டின் அந்த முதல் ஆண்டில், அந்நாட்டில் பண்ணை உழவர்களின் வழிவந்த மக்கள் தங்கள் நாட்டின் ஆட்சிக் கட்டிலில் ஏறினார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. எப்படி ஏறினார்கள், ஏறியபின் என்ன செய்தார்கள், யாரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள் என்ற மூன்றையும் நாம் பார்க்க வேண்டும்.

நாடும் நமக்குள்ள தொடர்பும்

டென்மார்க் நமக்கு முற்றிலும் அறியாத நாடன்று. தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் டேனிஷ் கோட்டையை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் அங்கே குடியேறினர். டேனிஷ் அரசர் அனுப்பிய செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் அங்கு வந்திறங்கித் தமிழ் கற்றார், பள்ளி தொடங்கினார், தமிழ் அச்சுக்கூடம் நிறுவினார். 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனியர் சென்றுவிட்டனர்.

நமக்கு அந்நாட்டார் கோட்டை கட்டியவர்களாகவும் வணிகர்களாகவும் மட்டுமே தெரிவர். அந்தக் கோட்டையைக் கட்டிய நாட்டில் உழுதவன் எப்படி இருந்தான் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

டென்மார்க் மிகச் சிறிய நாடு. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 24½ இலட்சம். ஜட்லாந்து என்னும் தீபகற்பமும், அதற்குக் கிழக்கே பல தீவுகளும் சேர்ந்தது அந்நாடு. மலை இல்லை; அந்நாளில் எண்ணெயும் இல்லை, நிலக்கரியும் இல்லை. நிலமும் மாடும் கடலுமே சொத்து.

கட்டுண்ட உழவர்

1733இல் அந்நாட்டு அரசர் ஒரு சட்டம் பிறப்பித்தார். 14 வயது முதல் 36 வயது வரையுள்ள உழவர் குடி ஆண்மக்கள் தாம் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறக் கூடாது என்பதே அச்சட்டம். பின்னர் 4 வயது முதல் 40 வயது வரை என அதை நீட்டினர். நான்கு வயதுக் குழந்தையும் பண்ணைக்குக் கட்டுப்பட்டது! பண்ணையாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். மறுத்தவரை, கூர்முதுகுடைய மரக்குதிரை மீது ஏற்றி உட்காரவைத்துத் தண்டிக்கும் வழக்கமும் இருந்தது. நம் முன்னோர் அறிந்த சாணிப்பாலையும் சவுக்கையும் நினைவூட்டும் தண்டனை அது. இவ்வேறுபாடு மட்டும் உண்டு: அங்கே உழவனைத் தீண்டினால் தீட்டு என்று எவரும் சொல்லவில்லை. அந்தச் சுமை நம் தோள்மீது மட்டும் கூடுதலாக வைக்கப்பட்டது.

1788இல் அக்கட்டு நீக்கப்பட்டது. 1814இல் ஏழு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாடு போர்களில் நொந்து, அரசுக் கருவூலம் திவாலாகி, நார்வேயையும் இழந்த நேரத்தில்தான் அச்சட்டம் வந்தது. "பணம் வந்தபின் பள்ளி கட்டலாம்" என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

1849இல் முடியாட்சியின் தனியதிகாரத்துக்கு முடிவு கட்டும் அரசியல் சட்டம் வந்தது. முப்பது வயது நிரம்பிய ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அந்நாளைய ஐரோப்பாவில் அது பெரிய உரிமையே. ஆயினும் மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவினருக்கே அது எட்டியது. பெண்கள், பிறர் வீட்டில் தங்கி உழைக்கும் வேலையாட்கள், தரும உதவி பெற்ற ஏழைகள், குற்றவாளிகள், கடனில் மூழ்கியவர்கள், அறிவு குன்றியவர்கள், அயல்நாட்டார் ஆகியோருக்கு வாக்கில்லை. டேனிஷ் மொழியில் இவ்வேழு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லும் பட்டியல் ஆகிவிட்டது அது. உழைக்கும் வேலைக்காரன் அப்பட்டியலில் குற்றவாளிக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தான் என்பதை மறவாதீர்கள்.

பின்வாங்கிய உரிமை

உரிமை ஒருமுறை கிடைத்துவிட்டால் நிலைத்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். டென்மார்க் வரலாறு அதை மறுக்கின்றது. 1864இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தொடுத்த போரில் அந்நாடு தோற்றுத் தெற்கு மாநிலங்களை இழந்தது. தோல்வியின் அதிர்ச்சியில் இருந்த நாட்டில், பெருநிலக்கிழார்கள் 1866இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினர். கீழவையான மக்கள் அவைக்குப் பழைய வாக்குரிமை இருந்தது. ஆனால் மேலவையின் 66 இடங்களில் 12 பேரை அரசரே நியமிப்பார். எஞ்சியவர்களைத் தேர்ந்தெடுப்பதில் செல்வர்களுக்கே வலிமை மிகுதி.

கீழவையில் உழவர்களின் "இடது" கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆனால் அரசர் தம் அமைச்சரவையை நிலக்கிழார்களின் "வலது" கட்சியிலிருந்தே அமைத்தார். எஸ்த்ருப் என்னும் நிலக்கிழார் 1875 முதல் 1894 வரை பத்தொன்பது ஆண்டுகள் தலைமை அமைச்சராக இருந்தார். மக்கள் அவை வரவு செலவுத் திட்டத்தை மறுத்தது. அவர் அரசரின் கையொப்பத்துடன் "தற்காலிகச் சட்டம்" பிறப்பித்து வரிப்பணத்தைச் செலவிட்டார். 1885 முதல் 1894 வரை ஆண்டுதோறும் இதே நிலைமை. தேர்தலில் வென்றவர்கள் வெளியே, தோற்றவர்கள் உள்ளே.

அக்காலத்தில் உழவர் கட்சிக்குத் தலைமை தாங்கியவர் கிறிஸ்டன் பெர்க். அவர் ஓர் ஆசிரியர். அரசின் திட்டங்கள் அனைத்தையும் அவையில் மறுத்து, ஆட்சியை வாடச் செய்வதே அவருடைய முறை. ஊர் ஊராகச் செய்தித்தாள்களை நிறுவினார். 1885இல் ஒரு கூட்டத்தில் போலீஸ் அதிகாரியை மேடையை விட்டு இறக்கிய நிகழ்ச்சிக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1891இல் இறந்தார். தாம் விதைத்ததன் அறுவடையை அவர் காணவில்லை. பத்து ஆண்டுகள் கழித்தே அது வந்தது.

காத்திருந்த காலத்தில் செய்த வேலை

இங்கேதான் அந்த இளைஞரின் கேள்விக்கு விடை தொடங்குகின்றது. அதிகாரம் மறுக்கப்பட்ட அத்தனை ஆண்டுகளும் டேனிஷ் உழவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இரண்டு வேலைகளைச் செய்தார்கள்.

முதலாவது, மக்கள் உயர்பள்ளிகள். கிரண்ட்விக் என்னும் பாதிரியாரின் சிந்தனையில் பிறந்தவை இவை. முதற்பள்ளி 1844இல் ரோடிங் என்னும் ஊரில் தோன்றியது. செருப்புத் தைப்பவரின் மகனான கிறிஸ்டன் கோல்ட், 1851இல் ரிஸ்லிங்கே என்னும் கிராமத்தில், எளிய உழவரும் அனுப்பக்கூடிய பள்ளி ஒன்றை நிறுவினார். போருக்குப் பின் இப்பள்ளிகள் நாடெங்கும் பரவின. நடவும் அறுப்பும் இல்லாத குளிர்காலத்தில் இளைஞர்கள் ஐந்து மாதம் வந்து தங்கினர். கோடையில் மூன்று மாதம் இளம்பெண்கள் வந்து தங்கினர். தேர்வு இல்லை, பட்டம் இல்லை. தாய்மொழி, வரலாறு, கணக்கு, வேளாண்மை ஆகியவற்றைக் கற்றனர். ஆசிரியரும் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். பதவி தேடித் தருவது அப்பள்ளிகளின் நோக்கமன்று. கூட்டத்தில் எழுந்து நின்று, நாக்குழறாமல் தன் கருத்தைச் சொல்லும் துணிவை அவை உழவனுக்குத் தந்தன.

இரண்டாவது, கூட்டுறவு. 1870களுக்குப் பின் அமெரிக்காவிலிருந்தும் உருசியாவிலிருந்தும் மலிவான தானியம் வந்து குவிந்ததால், டேனிஷ் உழவனின் தானியம் விலையிழந்தது. அவர்கள் பால்மாட்டுக்கும் பன்றிக்கும் மாறினர். இங்கிலாந்துக்கு வெண்ணெயும் பன்றி இறைச்சியும் விற்கத் தொடங்கினர். 1882இல் மேற்கு ஜட்லாந்தின் ஹெடிங் என்னும் சிற்றூரில் உழவர்கள் கூடிக் கூட்டுறவுப் பால்பண்ணை ஒன்றைத் தொடங்கினர். அதன் விதிகளைக் கேளுங்கள். வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சிய பால் முழுவதையும் பண்ணைக்கே கொடுக்க வேண்டும். வாங்கிய கடனுக்கு எல்லாரும் சேர்ந்து பொறுப்பு. இலாபம் அவரவர் ஊற்றிய பாலுக்கு ஏற்ப. ஆனால் கூட்டத்தில் வாக்கு ஆளுக்கு ஒன்று! ஐம்பது மாடு உடையவனுக்கும் ஒரு வாக்கு. இரண்டு மாடு உடையவனுக்கும் ஒரு வாக்கு. மாட்டுத் தலைகளை எண்ணாமல் மனிதத் தலைகளை எண்ணினார்கள். நூற்றாண்டு முடியும்போது நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டுறவுப் பால்பண்ணைகள் இருந்தன.

நாடாளுமன்றத்தின் மேலவை செல்வத்தை எடைபோட்டு வாக்களித்த அதே ஆண்டுகளில், ஊர்ப் பால்பண்ணையில் உழவன் சமத்துவத்தைப் பழகிக்கொண்டிருந்தான். கணக்குப் பார்க்கவும், தலைவரைத் தேர்ந்தெடுக்கவும், தவறு செய்தால் மாற்றவும் பழகினான். ஆட்சி நடத்தும் பயிற்சி ஆட்சிக்கு வருமுன்பே நடந்துவிட்டது.

நகரத் தொழிலாளர்களும் வாளாவிருக்கவில்லை. 1899இல் முதலாளிகள் ஏறத்தாழ 40,000 தொழிலாளர்களைக் கதவடைப்புச் செய்து வெளியேற்றினர். மூன்று மாதங்களுக்கு மேல் பசியோடு நின்றபின், செப்டம்பர் 5ஆம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது. சங்கம் அமைக்கும் உரிமையை முதலாளிகள் ஒப்புக்கொண்டனர். வேலையை நடத்தும் அதிகாரம் முதலாளிகளுக்கு உண்டு என்பதைத் தொழிலாளர்கள் ஒப்புக்கொண்டனர். முழு வெற்றி இல்லை. ஆயினும் முன்னைய நிலைக்குத் திரும்பிப் போகவும் இல்லை.

1901: திரையும் பெட்டியும்

இனி நம் ஆண்டுக்கு வருவோம். அதுவரை டென்மார்க்கில் தேர்தல் எப்படி நடந்தது தெரியுமா? வாக்காளர்கள் ஓரிடத்தில் கூடிக் கையுயர்த்துவர். யாரேனும் ஒப்பாவிட்டால், ஒவ்வொருவரும் எல்லார் முன்னிலையிலும் தம் வேட்பாளர் பெயரைச் சொல்ல, அதை எழுதிக்கொள்வர். பண்ணையார் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருடைய கணக்குப்பிள்ளை குறித்துக்கொண்டே இருப்பார். குத்தகைக்காரன் எப்படி மனம்விட்டு வாக்களிப்பான்?

1901 பிப்ரவரியில் இரகசிய வாக்குமுறைச் சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 3ஆம் நாள் அம்முறையில் முதல் தேர்தல் நடந்தது. 114 இடங்களில் ஆளும் வலதுசாரிக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே எட்டு! உழவர்களின் சீர்திருத்த இடதுசாரிக் கட்சி 76 இடங்கள் பெற்றது. தொழிலாளர்களின் சமூக சனநாயகக் கட்சிக்கு 14 கிடைத்தன.

இச்செய்தியைப் படித்தபோது என் தந்தையார் என் நினைவுக்கு வந்தார். அவர் பண்ணையாள், கையெழுத்திடத் தெரியாதவர். ஒரு தேர்தல் நாளன்று மாலை, பண்ணை வீட்டுத் திண்ணையிலிருந்து, "யாருக்குடா போட்டே?" என்ற கேள்வி வந்தது. நான் சிறுவன், அருகில் நின்றேன். என் தந்தையார் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பெட்டியிலே போட்டுட்டேனுங்க" என்றார். அவ்வளவுதான். தலை குனிந்தே இருந்தது; ஆனால் பெயர் வெளிவரவில்லை. பண்ணைக்குக் கட்டுப்பட்ட ஒருவருக்கு அந்த ஒரு முழத் திரை கொடுத்த கண்ணியத்தை அன்று நான் கண்டேன். 1901 ஏப்ரலில் எத்தனை டேனிஷ் குத்தகைக்காரர்கள் அதே உணர்வோடு வீடு திரும்பியிருப்பார்கள்!

தேர்தல் முடிந்தும் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியான் உடனே இணங்கவில்லை. எண்பது வயதைக் கடந்தவர். பழைய முறையில் ஊறியவர். சில மாதங்கள் கழிந்தபின், ஜூலை 24ஆம் நாள் புதிய அமைச்சரவையை நியமித்தார். அதன் தலைவர் டாய்ன்ட்ஸர், பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். மக்கள் அவையின் பெரும்பான்மைக்கு மாறாக அமைச்சரவை அமைப்பது இனிக் கூடாது என்னும் மரபு அன்று தொடங்கியது. டேனியர் இதனை "முறைமாற்றம்" என்னும் பெயரால் இன்றும் குறிக்கின்றனர். இம்மரபைச் சட்டத்தில் எழுதிவைத்தது 1953இல்தான். அரை நூற்றாண்டுக் காலம் மக்களின் விழிப்பே அதற்குக் காவலாக இருந்தது.

அமைச்சரவையில் இருந்தவர்களைப் பாருங்கள். வேளாண்மை அமைச்சர் ஓலே ஹான்சென். தாமே நிலம் உழுத விவசாயி. அந்நாட்டு வரலாற்றில் உழவர் ஒருவர் அமைச்சரானது அதுவே முதன்முறை. போக்குவரத்து, பொதுப்பணித் துறைக்கு விக்கோ ஹோருப், கிராமப் பள்ளி ஆசிரியரின் மகன், பத்திரிகையாளர். கல்விக்கும் திருச்சபைக்கும் அமைச்சர் ஜே. சி. கிறிஸ்டென்சன். மேற்கு ஜட்லாந்தின் வறண்ட நிலத்தில் பிறந்து, சிறுவயதில் ஆடுமாடு மேய்த்து, ஆசிரியர் பயிற்சி பெற்று, ஸ்டாடில் என்னும் கிராமத்தில் பாடம் நடத்தியவர் அவர். பள்ளி ஆசிரியர் ஒருவர் நாட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் அமைச்சரானார். என்னைப் போன்ற ஓர் ஆசிரியனுக்கு இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்வது இயல்புதானே?

அவர் 1903இல் கொண்டுவந்த பள்ளிச் சட்டமே இந்த ஆட்சியின் பெரிய செயல். அதுவரை கிராமத் தொடக்கப் பள்ளி ஒரு உலகம். நகரத்து இலத்தீன் பள்ளி வேறொரு உலகம். முன்னதிலிருந்து பின்னதற்குப் போகப் படி இல்லை. கிறிஸ்டென்சன் இடையிலே நான்காண்டு நடுநிலைப் பள்ளி என்னும் படியை அமைத்தார். அரசு மேல்நிலைப் பள்ளிகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் நிலத்தின்மீது இருந்த பழைய வரி நீக்கப்பட்டு, வருமானத்துக்கும் சொத்துக்கும் வரி விதிக்கப்பட்டது. நேற்று வரை வரி கட்டியவன் இன்று வரி விதிப்பவன் ஆனான்.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

இதோடு முடித்துக்கொண்டால் நான் உங்களுக்குப் பாதி வரலாற்றையே சொன்னவனாவேன். நமக்கு மற்றப் பாதிதான் முதன்மையானது.

1901இல் வென்றவர் யார்? நிலம் உடைய உழவர். அவர் வீட்டுத் தொழுவத்தில் படுத்துறங்கிய வேலையாளுக்கு அன்றும் வாக்கில்லை. மக்கள் உயர்பள்ளிக்குச் சென்றவரும் பெரும்பாலும் நிலமுடையோரின் பிள்ளைகளே. வேலைக்காரன் மகன் அங்கே அரிது. தாம் அடிமைப்பட்டிருந்த காலத்தை மறந்த உழவர் பலர், தம் வேலையாளிடம் பண்ணையாரைப் போலவே நடந்துகொண்டனர். ஜெப்பே ஓகர் என்னும் எழுத்தாளர் 1904இல் எழுதிய "சினத்தின் பிள்ளைகள்" என்னும் நாவல் பண்ணை வேலையாட்களின் துயரை எடுத்துரைத்தது. உழவர்களிடையே அது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. தம் முகத்தைக் கண்ணாடியில் காண யாருக்குப் பிடிக்கும்?

பெண்களுக்கும் வாக்கில்லை. 1871இலேயே டேனிஷ் மகளிர் சங்கம் தோன்றியிருந்தது. 1903இல் திருச்சபை ஊர்மன்றங்களுக்கு வாக்களிக்கும் உரிமை பெற்றனர்; 1908இல் உள்ளாட்சித் தேர்தலில் உரிமை பெற்றனர்; நாடாளுமன்றத் தேர்தலுக்கான உரிமை 1915 ஜூன் 5இல் திருத்திய அரசியல் சட்டத்தில்தான் வந்தது. வேலையாட்களுக்கும் அதே நாளில்தான் வந்தது. சங்கம் தோன்றி நாற்பத்து நான்கு ஆண்டுகள்!

இன்னும் தொலைவில் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் மூன்று தீவுகள் டென்மார்க்குக்கு உரியவை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பு வெட்டினர். 1848இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து விடுதலையைப் பெற்றனர். 1902இல் அத்தீவுகளை அமெரிக்காவுக்கு விற்கும் ஒப்பந்தம் மேலவையில் சரிபாதி வாக்குகளால் தோற்றது, 1917இல் விற்றேவிட்டனர். அதற்குமுன் 1916இல் டென்மார்க்கில் பொதுவாக்கெடுப்பு நடந்தது; விற்கப்படும் மக்களுக்கு அதில் வாக்கில்லை. சனநாயகம் வந்துவிட்டதெனக் கொண்டாடிய நாடு, கறுப்பு மக்களைக் கேளாமலே அவர்கள் வாழும் மண்ணை விலை பேசியது.

ஆகவே இளைஞர்களே, ஒடுக்கப்பட்டவன் உயர்ந்தவுடன் நீதிமான் ஆகிவிடுவான் என்று நம்பாதீர்கள். தனக்குக் கீழே ஒருவன் இருப்பதை அவன் காணாமல் போவது மிக எளிது.

கணக்கைக் கேளாததன் விளைவு

இன்னொரு பாடமும் உண்டு. 1901 அமைச்சரவையில் நீதி அமைச்சராக அமர்ந்தவர் ஆல்பர்ட்டி. அவருடைய தந்தையும் உழவர் இயக்கத்தில் பெயர் பெற்றவர். சீலாந்துத் தீவு உழவர்களின் சேமிப்பு வங்கி ஆல்பர்ட்டியின் பொறுப்பில் இருந்தது. "நம்மவர்தானே, கணக்கு எதற்கு?" என்று விட்டுவிட்டார்கள். எச்சரித்தவர்கள் பகைவர்கள் எனப்பட்டனர். 1908 செப்டம்பர் 8ஆம் நாள், அந்த மனிதர் தாமே போலீசாரிடம் சென்று, தாம் மோசடி செய்தவர் என்று ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி குரோனர் போய்விட்டது. நீதி அமைச்சராக இருந்தவருக்கு எட்டு ஆண்டுச் சிறை. அப்போது தலைமை அமைச்சராக உயர்ந்திருந்த நம் ஆசிரியர் கிறிஸ்டென்சன் பதவி விலக நேர்ந்தது. ஆல்பர்ட்டியை நம்பி ஆதரித்தவர் அவர். பின்னர் 1910இல் தனி நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தாலும், அந்தக் கறை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பால்பண்ணையில் சொட்டுப் பாலுக்கும் கணக்குக் கேட்ட மக்கள், தம் தலைவரிடம் கணக்குக் கேட்கத் தவறினார்கள். பகைவர் பத்தொன்பது ஆண்டுகள் முயன்றும் சாய்க்க முடியாத இயக்கத்துக்கு உள்ளிருந்தவர் ஒருவர் தலைகுனிவு தேடித் தந்தார்.

நமக்குரியது

இப்போது அந்த இளைஞருக்கு என் விடையைச் சொல்கிறேன். தம்பி, படிப்பா அதிகாரமா என்று நீ கேட்டாய். 1901 ஏப்ரலில் அந்த மக்கள் அதிகாரத்தை ஒரே நாளில் பெட்டியில் போட்டார்கள். ஆனால் போட்ட கை ஐம்பது ஆண்டுகள் பள்ளியிலும் பால்பண்ணையிலும் பழகிய கை. அரசியலில் இறங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இறங்கு. ஆனால் இரவுப் பாடசாலையின் விளக்கை அணைத்துவிட்டு இறங்காதே. பெர்க் என்னும் ஆசிரியர் விளைவைக் காணாமலே இறந்தார். இச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் இன்று நம்மோடு இல்லாத பெரியோர்களும் அப்படியே.

இவ்விழாவில் இரண்டு வேண்டுகோள்களை மட்டும் வைக்கிறேன். சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை அச்சிடுகிறோம், நல்லது. இனி மாதந்தோறும் பாடசாலைச் சுவரில் எழுதி ஒட்டுவோம். இதனால் பொருளாளர் மீது ஐயம் என்று பொருளன்று, அவர் நேர்மையாளர். நேர்மையாளருக்கும் காவல் தேவை. பின்னால் வருபவர்க்கு அது வழக்கமாக வேண்டும்.

இரண்டாவது, இம்மலரின் முதற்பக்கத்தில் இருபத்தைந்து ஆண்டுச் செயற்குழு உறுப்பினர் பெயர்கள் வந்துள்ளன. நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. பிடியரிசி சேர்த்து இப்பாடசாலையைக் காத்தவர்கள் இங்கே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள். இக்குறையில் எனக்கும் பங்குண்டு. பதினோர் ஆண்டுகள் நானும் அக்குழுவில் இருந்தேன், ஒருநாளும் இதைக் கேட்கவில்லை. அதேபோல், நம் தெருவிலேயே எல்லைக்கு அப்பால் குடியிருக்கும், துப்புரவுப் பணி செய்வோர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் நம் பாடசாலையில் படிக்கின்றனர்? விரல்விட்டு எண்ணலாம். 1901இன் உழவன் தன் தொழுவத்து வேலையாளை மறந்தான் என்று குறை சொல்ல, இவ்விரண்டையும் சரிசெய்தபின்பே நமக்குத் தகுதி வரும்.

டேனிஷ் மகளிர் நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தனர். நம் தாய்மார்கள் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்துவிட்டனர். அடுத்த மாதப் பொதுக்குழுவிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நான் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்கிறேன். முன்மொழிவது என் பொறுப்பு. வழிமொழிய ஓர் இளைஞர் வேண்டும். என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தம்பியே அதற்கு முன்வருவார் என நம்புகிறேன்.